வேலிக்குள் போன ஏரியில் ஆரைக்கீரை ஏன் இல்லை

மாசி கடைசியில் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எந்த ஏரிக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். மதகோரம் கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றிக் கால் புதையும் சேறு, அதற்கப்பால் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கிய களிமண். கரைமேல் வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர் "ஏரி செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏரியைச் சீரமைக்கும் பேச்செல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் முளைக்கிறது. ஆழம் போதாது, தோண்டு. கரை சரிகிறது, கல் பதி. மாடு இறங்கிக் கலக்குகிறது, வேலி போடு. சுற்றி நடைபாதை, நாலு சிமெண்டு பெஞ்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி முடித்துக் கொடுத்த ஏரிகளில் இரண்டு மூன்று வருடம் போனபின் ஒரு பிடி ஆரைக்கீரை பறிக்கக் கிடைப்பது அருமையாகிவிடுகிறது. தண்ணீர் இருக்கிறது, கீரை இல்லை. இதை எப்படிக் கணக்கில் எழுதுவது?

கரையை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் நடந்தால் விஷயம் பிடிபடும். மேட்டில் அறுகும் கோரையும். கொஞ்சம் இறங்கினால் செருப்படை, தரையோடு தரையாக அப்பிக்கொண்டு, இலை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக. பக்கத்திலேயே கொட்டைக்கரந்தையின் ஊதா உருண்டைகள். கசக்கினால் கை மணக்கும். பொடுதலை, நீர்முள்ளி. ஈரம் கூடக்கூடப் பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி. சேறு பளபளக்கும் இடத்தில் ஆரை. தண்ணீருக்குள் கால் வைத்தால் கொட்டியும் அல்லியும். நாற்பது ஐம்பது தப்படிக்குள் இத்தனை வரிசை. கார்த்திகையில் இந்த இடம் முழுக்க முழங்கால் தண்ணீர், வைகாசியில் முழுக்கத் தூசி. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று நாலு மாதத்தில்தான் இத்தனையும் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிக்கின்றன. செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஏரியின் பரபரப்பான நாட்கள் இவை.

நாலு இலை, பூ இல்லை

ஆரையைப் புளியாரையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ, வாயில் போட்டால் புளிப்பு. ஆரைக்கு ஒரு காம்பின் உச்சியில் கூட்டல் குறிபோல நாலு இலை, பூவே கிடையாது, புளிக்கவும் புளிக்காது. இது பெரணி இனம். குருத்து வரும்போது காம்பு நுனி சுருண்டிருப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். மருத்துவ நூல்கள் மார்சிலியா குவாட்ரிஃபோலியா என்று பெயர் போட்டுவிடுகின்றன. நம் சமவெளி ஏரிகளில் கிடைப்பது பெரும்பாலும் மார்சிலியா மினூட்டா. இங்கே கட்டுக்கட்டாகப் பறித்துக் களிக்குக் கடைந்து சாப்பிடும் செடியின் உடன்பிறப்பான அந்தக் குவாட்ரிஃபோலியா, ஐரோப்பாவில் சட்டம் போட்டுக் காக்கப்படும் அரிய செடி. அங்கேயும் அதற்கு ஆகாதது, நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓரங்களை மனிதர்கள் நேராக்கிக் கட்டியதுதான்.

ஒரே ஆரைக்கொடிக்கு இரண்டு உடை. தண்ணீருக்குள் இருந்தால் காம்பு மட்டத்துக்கு ஏற்ப நீண்டுகொண்டே போகும், இலை மேலே படுத்து மிதக்கும். தண்ணீர் வடிந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டால் புதிதாக வரும் காம்புகள் குட்டையாக, விறைப்பாக நிற்கும். இரவில் நாலு இலையும் கைகூப்பியதுபோல மடியும். தண்டு நூல் மாதிரி சேற்றின்மேல் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கணுவைச் சேறோடு விரலால் கிள்ளி எடுத்துக் கழுவிப் பாருங்கள். காம்பின் அடியில் அவரை விதையைச் சுண்டச் செய்ததுபோல 3, 4 மில்லிமீட்டரில் கெட்டியான உருண்டைகள் தெரியும். இளசில் பழுப்பு ரோமம், முற்றினால் கறுப்பு, அடிப்பக்கம் சின்னப் பல் மாதிரி ஒரு துருத்தல். பார்க்கக் காய்போல இருந்தாலும் உண்மையில் இது வித்துகளை, அதாவது பூக்காத செடிகள் விதைக்குப் பதில் விடும் நுண்துகள்களை, பூட்டிவைத்த பெட்டி. தண்ணீர் வடிந்து செடி காய்ச்சலை உணரும்போதுதான் இவற்றை மும்முரமாகக் கட்டும். வருடம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஆரை இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிர, பெட்டி கட்டுவது அபூர்வம். அந்தக் கொடி அழுகும் வருடம் அதன் கதை அங்கேயே முடிந்தது.

பெட்டியின் கெட்டித்தனம் சாதாரணமானதல்ல. உலர்த்தி வைத்த தாவர மாதிரிகளில் நூறு வருடத்தை ஒட்டிக் கிடந்த ஆரைப் பெட்டிகளிலிருந்தே வித்துகள் முளைத்திருக்கின்றன. ஆகவே மூன்று வருட வறட்சி ஆரைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏரி காய்வதால் அது அழிவதில்லை. ஏரி காயாமல் போவதாலும், அந்தப் பெட்டிகள் கிடக்கும் மேல்மண் லாரியேறிப் போவதாலும்தான் அழிகிறது.

முளைக்க வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பங்குனியில் முற்றிய கறுப்புப் பெட்டிகளாகப் பத்துப் பொறுக்கிக்கொள்ளலாம். அப்படியே தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஓடு தண்ணீரை உள்ளே விடாது. காம்பு ஒட்டியிருந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் மெல்லக் கிள்ள வேண்டும், அல்லது உப்புத்தாளில் நாலு தேய். உள்ளே வெள்ளை தெரிந்தால் போதும். அழுத்திவிட்டால் வித்தும் நசுங்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் மழைத்தண்ணீர், கிடைக்காவிட்டால் ஒருநாள் திறந்து வைத்த குழாய்த்தண்ணீர், ஒரு விரற்கடை உயரத்துக்கு. சிறிது நேரத்தில், அரைமணிக்குள்ளேயே பல சமயம், ஓடு பிளந்து கண்ணாடிப் புழு மாதிரி ஒரு கொழகொழப்பான நூல் நீண்டு வெளியே வரும். இருபக்கமும் சின்னச் சின்னப் பைகள் தொங்கும், அவற்றில்தான் ஆண் வித்தும் பெண் வித்தும். ஆரை இனமொன்றை ஆய்வகத்தில் பார்த்ததில், ஆண் வித்து நனைந்ததிலிருந்து விந்து வெளிவர 11 மணி நேரம்தான் ஆகிறது. எப்போது வேண்டுமானாலும் வற்றிவிடக்கூடிய குட்டையில் வாழும் செடிக்கு இந்த அவசரம் தேவைதான். மூன்று நாலு நாளில் ஊசி மாதிரி முதல் இலை தெரிந்ததும், ஏரிக்களிமண் மூன்று விரல் உயரம் போட்ட அகலத் தொட்டிக்கு மாற்றி, 2 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் கெடுப்பவை இரண்டு: தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்புவது, எருவைப் போட்டுப் பாசி கட்ட வைப்பது. பாசி மூடினால் நாற்று மூச்சுத் திணறிவிடும். நிழலில் வைத்தால் காம்பு மட்டும் நீளும், பெட்டி கட்டாது. கீரை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இத்தனை பாடு வேண்டாம். நாலு கணு உள்ள ஒரு சாண் தண்டைச் சேற்றில் பாதி தெரிய அமுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

சரிவில்தான் கணக்கு இருக்கிறது

வெயில் ஏறிய மாதங்களில் ஏரித் தண்ணீர் ஆவியாவது மட்டுமே நாளுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். 7 என்று வைத்துக்கொள்வோம். உள்வாய்ப் பக்கம் தரை 50 அடிக்கு 1 அடி என்று மெல்ல இறங்கினால், தண்ணீர் விளிம்பு தினமும் 35 சென்டிமீட்டர் பின்வாங்கும். ஒவ்வொரு நாளும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகப் புதுச் சேறு வெயில் பார்க்கிறது, நேற்றுத் திறந்ததும் முந்தாநாள் திறந்ததும் அதன் பின்னால் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைதான் மேலே சொன்ன செடிகளின் வரிசை. அதே ஏரியை இயந்திரம் விட்டு ஓரம் வரைக்கும் வெட்டி 2 அடிக்கு 1 அடி சரிவாக்கிவிட்டால், விளிம்பு நகர்வது நாளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. மாதத்துக்கு ஒரு முழம். அதிலும் மேல்மண் போய் அடிக்களிமண் வழவழவென்று நிற்கும். அதன்மேல் கல்லும் பதித்துவிட்டால் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

தூர் வாருவதே கூடாது என்பது இதன் பொருளல்ல. வண்டல் கழனிக்கு நல்லது, ஏரிக்குச் சுமை. அதை எடுத்தே ஆகவேண்டும். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் வேலைகள் மறுபடி தொடங்கியபோது எத்தனையோ ஏரிகளுக்கு அது விமோசனம்தான். கேள்வி, எங்கே எடுப்பது என்பது. மதகுப் பக்கத்து ஆழத்தில், கரையின் அடியைப் பறித்துவிடாமல் தள்ளி, மதகின் அடிமட்டம் வரைக்கும் எடுக்கலாம். அதற்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. பாசனக் கணக்கில் அது தண்ணீரே இல்லை. உள்வாயில், நிறைமட்டத்திலிருந்து கோடைத் தண்ணீர் வரைக்கும் உள்ள சரிவைத் தொடக் கூடாது. சிக்கல் என்னவென்றால் டிராக்டருக்கு வசதி அந்தப் பக்கம்தான். காய்ந்த மேடு, சக்கரம் புதையாது, சாலைக்குப் பக்கம். ஆகவே முதலில் போவது அதுதான்.

ராணிப்பேட்டை மாவட்டம் மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டு. அப்படியென்றால் அந்த வட்டாரத்து ஏரியோரங்கள் ஆயிரத்து நானூறு வருடமாக வருடா வருடம் நனைந்து காய்ந்து பழகியவை. ஏரி மனிதன் கட்டியது, ஓரத்தில் நிற்பது காட்டுச் செடி. இரண்டும் சேர்ந்து உருவான பழக்கத்தை ஒரு கோடையில் மட்டம் தட்டிவிட முடிகிறது.

பேட்ஜ்வொர்த் வேலி

வேலி போட வேண்டும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல நம்மூர்ச் செடியைவிட இங்கிலாந்துச் செடி ஒன்று வசதி. ரனன்குலஸ் என்றொரு பேரினம். மஞ்சளாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் ஐந்து இதழ்ப் பூக்கள். பெயருக்கு லத்தீனில் சின்னத் தவளை என்று பொருள், ஈரத்தை விட்டுப் போகாததால். நம் சமையலறைக் கருஞ்சீரகத்துக்கு இது பங்காளி முறை. நீலகிரிப் புல்வெளிகளில் இதே பேரினத்தின் செடிகள் உண்டு. வேலூர்ச் சமவெளியின் வெக்கைக்கு இது ஒத்துவராது. இந்தப் பேரினத்தில் ஓஃபியோக்ளோசிஃபோலியஸ் என்ற ஓராண்டுச் செடி, பிரிட்டனில் குளோஸ்டர்ஷயரின் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று பேட்ஜ்வொர்த் கிராமத்தில், குளிர்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஒரு சின்னக் குட்டையின் ஓரம். கோடை முடிவில் வெறும் சேறு தெரிய வேண்டும். இலையுதிர் காலத்தில் அதன்மேல் முளைக்கும். குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில் நாற்றாகக் கிடந்து அடுத்த கோடையின் தொடக்கத்தில் பூக்கும். மாதங்கள் வேறு, வேலை ஆரையுடையதுதான்.

1930களில் அந்த இடத்தை விலைக்கு வாங்கிக் காப்பகமாக்கினார்கள். பிரிட்டனின் மிகச் சிறிய காப்பகங்களில் அது ஒன்று, நம்மூர் வீட்டுமனை அளவுதான். அரிய செடியாயிற்றே, மாடு மிதித்துவிடும் என்று சுற்றி வேலி போட்டார்கள். மாடு நின்றது. புல்லும் நெடுஞ்செடிகளும் ஏறின. வெறும் சேறு மறைந்தது. எதற்காக வேலி போட்டார்களோ அந்தச் செடி அருகிக்கொண்டே போனது. பிறகுதான் புரிந்து, மனிதர்களே இறங்கி மாட்டின் வேலையைச் செய்யத் தொடங்கினார்கள்: புல்லை வெட்டி, சேற்றைக் கிளறி, வெயில் பட விட்டு. செடி திரும்ப வந்தது. ரனன்குலஸின் சாறு வாயைப் பொத்துவிடும், மாடு அதைத் தொடாது. சுற்றியிருக்கும் புல்லை மட்டும் மேய்ந்து, மண்ணை மிதித்துக் குழைத்துவிட்டுப் போகும். அதைவிட நல்ல தோட்டக்காரன் அதற்குக் கிடைக்காது.

ஆரைக்கு அந்தக் காரம் இல்லை, மாடு மேயும். ஆனால் தண்டு சேற்றோடு ஒட்டி, பெட்டி காம்பின் அடியில். இலை போனால் ஒரு வாரத்தில் மறு இலை. குளம்பு பதிந்த குழியைக் குனிந்து பாருங்கள். சுற்றிலும் வெடித்துக் கிடக்கும்போது அந்தக் குழியில் மட்டும் இன்னும் சில நாளைக்கு ஈரம் நிற்கும், நாலு பச்சை இலை அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். குளம்பு பெட்டியின் ஓட்டைக் கீறிவிடவும் செய்யும். நாம் நகவெட்டியால் செய்ததைத்தான். ஏரியில் மாடு ஓட்டுகிற பெரியவர்களிடம் கேட்டால் "தண்ணி எறங்க எறங்க கீர வரும், மாடு போன எடத்துல நெறயா வரும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

மாட்டை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. சீமைக் கருவேல நெற்றைத் தின்று விதையைச் சாணியோடு உள்வாய் முழுக்க விதைப்பது அதே மாடுதான். அதற்குச் செய்ய வேண்டியது ஆடி, ஆவணி மழையில் மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் கன்றுகளை வேரோடு பிடுங்குவது. இடுப்புக்கு மேல் வளர்ந்தபின் வெட்டினால் தூர் வெடித்துப் புதராகும். நூறு இருநூறு ஆடுகளைத் தினமும் இறக்கினால் முளைக்க முளைக்க மொட்டையாகும், செருப்படையைத் தவிர எதுவும் மிஞ்சாது. பன்றி கோரைக்கிழங்குக்காக மண்ணையே புரட்டிவிடும். ஊரை ஒட்டிய ஏரிகளில் சாக்கடை கலந்து வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் ஓரம் முழுக்கச் சம்பும் ஆகாயத்தாமரையும்தான், அங்கே மாடு இருந்தும் பயனில்லை. ஆகாயத்தாமரையை வாரி எடுக்கிறவர்கள் அதை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். காய்ந்து பாய் மாதிரி படிந்து அடியில் எதையும் முளைக்க விடாது. நிறைமட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

ஓரத்தை வெட்டியே தீருவோம் என்றால்

சில இடங்களில் பேசிப் பயனில்லை, உத்தரவு வந்துவிட்டது, இயந்திரம் நாளைக்கு இறங்குகிறது. அப்போதும் ஒன்று செய்யலாம். செடி அதிகம் இருந்த பகுதியில் 600 சதுர அடியை 2 அங்குல ஆழத்துக்கு மட்டும் சுரண்டினால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட், ஒரு டிராக்டர் டிப்பர். ஏரியின் வித்தும் விதையும் பெரும்பங்கு அந்த 2 அங்குலத்துக்குள்தான். ஆழமாகச் சுரண்டினால் வெறும் களியைத்தான் சுமப்பீர்கள். சித்திரையில், மண் நன்றாகக் காய்ந்தபின் எடுக்க வேண்டும். ஈரத்தோடு குவித்தால் உள்ளே வெந்து விதை கெடும். ஒரு முழ உயரத்துக்கு மேல் குவிக்காமல், மழை படாத இடத்தில், பிளாஸ்டிக் தாளால் இறுக மூடாமல் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதல் மழைக்கு முன் அரை அங்குலக் கனத்தில் பரப்பினால் 2,400 சதுர அடிக்கு வரும். ஆனால் பரப்ப ஒரு சரிவு வேண்டும். செங்குத்தான ஓரத்தில் போட்டால் முதல் தண்ணீரிலேயே கழன்று கீழே போய்விடும். குறைந்தது உள்வாயின் ஒரு பகுதியையாவது 20 அடிக்கு 1 அடி என்று இழுத்துவிடச் சொல்லி இயந்திரக்காரரிடம் அன்றைக்கே நின்று வாங்க வேண்டும். ஓர் ஏரி மண்ணை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம், ஆகாயத்தாமரை விதையும் அதோடு குடிபோகும்.

கீரைக்காகப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் கழிவோ ஊர்ச் சாக்கடையோ சேரும் ஏரியில் பறிக்கவே கூடாது. உலோகத்தைச் செடி இழுத்து வைத்துக்கொள்ளும், கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. நல்ல ஏரியாக இருந்தாலும் பச்சையாக வாயில் போட வேண்டாம். மாடு இறங்கும் தண்ணீரில் நத்தை வழியாகக் கல்லீரல் புழு இலையில் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. காம்பை நீக்கி, இலையை மூன்று தண்ணீரில் அலசி, நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் கடைய வேண்டும்.

வேலி போட்டே ஆகவேண்டுமென்றால் கரைப்பக்கம் போட்டுக்கொள்ளட்டும், குழந்தைகள் விழாமல் இருக்க. உள்வாய்ப் பக்கம் 10 அடி அகலத்தில் ஒரு வழி விட்டு, தையில் திறந்து வைகாசியில் மூடினால் போதும். மாட்டுக்காரர்களுக்கு நாள் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் எப்போது இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.